தெக்லா சுட்ட கடல்

தெக்லாவின் ஓவனுக்குள் கடல் தெரிந்த பத்து நாளைப் பற்றி இன்றைக்கு மணல்மாதாபுரத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தெரிந்ததா தெரியவில்லையா என்று ஒருத்தரும் சண்டை பிடிக்க மாட்டார்கள், எந்தப் பக்கம் வடக்கு என்பதில் மட்டும்தான் சண்டை. அந்தச் சண்டையை ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்குத் தெக்லாவின் கதைதான் முக்கியம், ஏனென்றால் அவள் அந்தப் பத்து நாளும் மீனைத் தேடவில்லை, வடக்கைத் தேடவில்லை, நாலே நாலு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் கஸ்பார் கப்பலில் குசினிக்காரர், அதாவது சமையல்காரர். இருபத்திரண்டு வருஷமாக நோர்வேக்காரனுக்கும் கிரேக்கனுக்கும் பிலிப்பைன்ஸ்காரனுக்கும் ஆக்கிப் போட்டவர். கல்யாணமான நாள் தொட்டு அவர் வீட்டில் இருந்த நாளையெல்லாம் கூட்டினாலும் மூன்று வருஷம் தேறாது, அந்த மூன்று வருஷத்திலும் அவர் ஒருநாள்கூட உட்கார்ந்து சாப்பிட்டுத் தெக்லா பார்த்ததில்லை. அடுப்படிக்கு வருவார், சட்டியில் கரண்டியை விடுவார், ஒரு சொட்டை நாக்கில் வைத்துக்கொண்டு கூரை மோட்டைப் பார்ப்பார், மோட்டில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி வாசித்துவிட்டு, "உப்பு ஒரு கிள்ளு கம்மி" என்பார், நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கையைக் கழுவிவிடுவார். ஊரிலுள்ள மற்றப் பொம்பளைகள் புருஷனிடம் நகை கேட்டார்கள், சேலை கேட்டார்கள். தெக்லாவுக்கு அவர் ஒரு தடவை உட்கார்ந்து, ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வை தெக்லா" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இது பெரிய ஆசையா, நீங்களே சொல்லுங்கள்.

இந்த முறை இடுப்பு வலி என்று ஏழு மாசம் வீட்டிலிருந்தவருக்கு மறுபடியும் கப்பலிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி பஸ், சென்னை, அங்கிருந்து கப்பல், பதினாலு மாசம். "போகாட்டி என்ன?" என்று தெக்லா கேட்டாள். "வீட்ல எனக்கு என்ன சோலி இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தார். துணிகள் பெட்டிக்குள் போனதைப் பற்றித் தெக்லா கவலைப்படவில்லை. அவருடைய சமையல் கத்திதான் கணக்கு. கத்தி சமையல் மேடைமேல் கிடக்கிற வரைக்கும் மனுஷன் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம், அது துணியில் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் போய்விட்டால் ஆள் அப்போதே போன மாதிரிதான், உடம்பு மட்டும் பிறகு பஸ் ஏறும்.

புதன்கிழமை அவர் மருத்துவச் சோதனைக்குத் தூத்துக்குடிக்குப் போனதும் தெக்லா அவருடைய நோட்டை எடுத்தாள். எந்தக் கப்பலில் எந்தக் கேப்டன் எதைக் கேட்டு வாங்கித் தின்றான் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஐந்து கேப்டன்கள் கேட்டு வாங்கித் தின்றது ஒன்றே ஒன்று, ஓவனில் வைத்துச் சுடுகிற கடல்மீன் கேசரோல். போன தடவை அவர் கொண்டுவந்த ஓவன் இரண்டு வருஷமாக லேஸ் துணி போர்த்தி, தலையில் மாதா சுரூபத்தைச் சுமந்துகொண்டு ஹாலில் நின்றது. தெக்லா மாதாவிடம் மன்னிப்புக் கேட்டு அலமாரிக்கு மாற்றினாள், துணியை உருவினாள், சுவிட்சைப் போட்டாள்.

நோட்டில் இருந்தது இருபத்தாறு பேருக்கான அளவு. அதை இரண்டு பேருக்கு வகுக்கப் பார்த்து, ஜாதிக்காயில் வந்து முட்டி நின்றதால், கையளவில் எல்லாவற்றையும் போட்டாள். வெண்ணெயை உருக்கி, மைதாவைப் பச்சை வாடை போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பாயசத்துக்கும் பசைக்கும் நடுவில் ஒரு பதத்தில் கிண்டி இறக்கினாள். உரித்த இறாலும் வளையமாக வெட்டிய கணவாயும் உதிர்த்த நண்டுச் சதையும் முள்ளெடுத்த சீலா மீனும் அதில் முங்கிப் போயின. மஞ்சள் கிடையாது, மிளகாய் கிடையாது, புளி கிடையாது. இப்படி ஒரு மீனை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை, பேதி கண்ட பிள்ளைக்குக் கொடுக்கிற பத்தியம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அதன்மேல் ரஸ்க்கைப் பொடித்துத் தூவி, சீஸைத் துருவிப் போட்டு, சிலுவை போட்டுக்கொண்டு ஓவன் கதவைச் சாத்தினாள்.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் கண்ணாடிப் பாத்திரத்தை வெளியே எடுத்தபோது, நண்டு கொண்டுவந்து போட்ட வியாகுலம் தன் கூடையைத் திருப்பி வாங்க வாசலில் நின்றான். வள்ளக்காரன், கஸ்பாருக்குச் சித்தப்பா மகன், தெக்லா அவனுக்கு அண்ணி முறை. எட்டிப் பார்த்தான், இன்னொரு தடவை எட்டிப் பார்த்தான். மேலே பொன்னிறமாகச் சுட்டிருந்த பொருக்கு ஓரிடத்தில் வெளுத்து, ஓரிடத்தில் சிவந்து, இரண்டு நீளக் கோடாகப் புடைத்து, ஒரு கோட்டுக்கு வெளிப்புறம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது.

"மைனி, இது நம்ம இரட்டைப் பாருல்லா?"

பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கிற பாறைத் திட்டு. மணல்மாதாபுரத்துக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, நடுவில் வள்ளம் போகிற கால்வாய். ஓவன் கதவுப் பக்கத்தைக் கரை என்று வைத்துக்கொண்டால் எல்லாம் அச்சு அசலாக இருந்தது, நீரோட்டம் சுழிக்கிற இடம்கூடச் சுழித்திருந்தது.

"அப்ப இந்தக் கருகல்?" என்றாள் தெக்லா.

"மீனு நிக்கி மைனி, வேற என்ன," என்று சொல்லிவிட்டு அவன் கூடையை எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் கஸ்பார் வந்தார். தெக்லா தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் நின்றபடி ஒரு மூலையைக் கரண்டியால் உடைத்து நாக்கில் வைத்து மோட்டைப் பார்த்தார். "சீரா வேகலை. ஒரு பக்கமாச் சூடு அடிச்சிருக்கு. பாதி நேரத்துல பாத்திரத்தைத் திருப்பி வைக்கணும், நோட்டுல போட்டிருக்கே, படிக்கலையா?" என்றார். பிறகு ஒரு துண்டு ரொட்டியை மென்றுகொண்டே பாத்ரூமுக்குப் போய்விட்டார். தெக்லாவுக்கு வந்த கோபத்துக்கு அந்த ஓவனையே தூக்கிக் கடலில் போட்டிருப்பாள், ஆனால் இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. நாளைக்கும் சுடுவேன், மறுநாளும் சுடுவேன், எங்கே போய்விடுவீர் என்று பார்க்கிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

காலையில் வியாகுலத்தின் வள்ளம் விளிம்பைத் தண்ணீர் தொடுகிற அளவுக்குப் பாறை மீனோடு வந்து சேர்ந்தது. எங்கே கண்டாய் என்று கரையில் கேட்டார்கள். "தெக்லா மைனி கேசரோல்ல" என்றான். ஓ, அப்படியா என்றார்கள். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் பதினேழு வள்ளக்காரர்கள் தெக்லா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள்.

ஊர் கமிட்டித் தலைவர் மோட்சம் சும்மா இருப்பாரா, கோயில் மைக்கில் ஏறிவிட்டார். தினமும் இரண்டு மணிக்குத் தெக்லா சுடுவாள், மூன்று மணிக்குப் பார்க்கலாம், நாலு மணிக்கு வள்ளம் இறக்கலாம், பொருக்கை விரலால் தொடக்கூடாது, தும்மல் வருகிறவர்கள் வெளியே போய்த் தும்ம வேண்டும், வடக்கு எது என்று யாரும் வாய்ச்சண்டை போடக்கூடாது. இறால் உரிக்கத் தெருப்பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள், பால்காரர் கேட்காமலே இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டுப் போனார், பள்ளிக்கூட டிராயிங் வாத்தியார் எண்ணெய்க் காகிதத்தைப் பிடித்துப் பொருக்கைப் படியெடுத்துத் தள்ளி நிற்கிறவர்களுக்கு நீட்டினார், கடலுக்குப் போகாமல் முட்டி வலியோடு வீட்டிலிருந்த பெரிசுகள் எல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது சாளைக் கருகல், இது சீலாக் கருகல், சாளைன்னா ஓரம் கிழிஞ்சிருக்கும்" என்று பாடம் நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தில், கேசரோலைப் பார்ப்பது பாவமில்லை, பூசை நேரத்தில் பார்ப்பதுதான் பாவம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டதால் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது. எதிர்ப்பு வந்தது ஒரே இடத்திலிருந்துதான். ஊரிலிருந்த ரஸ்க் அத்தனையும் தெக்லா வீட்டுக்குப் போய்விட்டதால், வெறும் டீ குடிக்க நேர்ந்தவர்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவளைத் திட்டினார்கள்.

எல்லாம் சரி, ஆனால் சுட்டதை ஒருத்தரும் தின்னவில்லை. மூன்றாம் நாள் ஒரு பூனை கிழக்கு மூலையைக் கடித்துவிட, அந்த மூலைக்குப் போன வள்ளத்தின் வலை பாதிக்குமேல் கிழிந்து வந்தது. அதோடு மோட்சம் மைக்கில் இன்னொரு விதியைச் சேர்த்துவிட்டார். மறுநாள் காலை கடைசி வள்ளம் கரை சேர்கிற வரைக்கும் பொருக்கு உடையக்கூடாது. அப்புறம் உடைத்து என்ன செய்ய, மீன் புளித்துப்போய் நாறும். மணல்மாதாபுரத்துப் பூனைகள் காலைதோறும் கேப்டன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, பழைய மீன் தலையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

தெக்லாவுக்குப் பெருமையாகவும் இருந்தது, நெஞ்சு எரியவும் செய்தது. ஊரே வந்து அவள் சமையலைக் குனிந்து பார்க்கிறது, வாயைப் பிளந்து பார்க்கிறது, ஒரு வாய் கேட்கத்தான் நாதியில்லை. கட்டின மனுஷனோ அதைவிட மோசம், கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஆக்கின சோத்தைத் திங்காமப் பாத்துக்கிட்டே நிக்கிற ஊரை இப்பத்தான் பாக்கேன்" என்று முனகினார்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் தானே சுட்டார். அளவு பிசகாமல், பதம் பிசகாமல், பாதி நேரத்தில் பாத்திரத்தைத் திருப்பி வைத்து, வெளியே எடுத்தால் மூலைக்கு மூலை ஒரே பொன்னிறம், ஒரு புள்ளி கிடையாது. வரிசையில் நின்றவர்கள் குனிந்தார்கள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார்கள். மோட்சம் அவர் தோளில் கை வைத்து, சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார், "கஸ்பாரு, மனசுல வச்சுக்கிடாதீய. நீங்க சுட்டது வெறும் சாப்பாடு."

ஐந்து கேப்டன்கள் பாராட்டிய மனுஷனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அடுத்த புதன்கிழமை, அதாவது எட்டாம் நாள், தெக்லா கேசரோலை உள்ளே வைத்துவிட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் பின்புறம் போனாள். கதவு கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. பூனையாக்கும் என்று விட்டுவிட்டாள். மூன்று மணிக்குப் பார்த்தால் தெற்குப் பாருக்கு உட்புறம் இதுவரைக்கும் இல்லாத பெரிய கருகல். நாலு மணிக்குப் பதினேழு வள்ளமும் பாட்டுப் பாடிக்கொண்டு தெற்கே போயின.

வியாழக்கிழமை காலையில் பாட்டு இல்லை. தெற்குப் பாருக்கு உள்ளே நின்றது, தொட்டால் அரிக்கிற சொறிமீன். வலை நிறைய, வள்ளம் நிறைய, கை நிறையச் சொறிமீன். இறக்கப் போனவர்களுக்கு அரிப்பு, வலை உதறியவர்களுக்கு அரிப்பு, துணி துவைத்த பெண்டாட்டிகளுக்கு அரிப்பு. பத்து மணிக்குக் கமிட்டி கூடியபோது தேங்காய் எண்ணெய் தடவாத ஆளே ஊரில் இல்லை.

"கேசரோலைத் திருப்பினது யாரு?" என்று முதுகைத் தூணில் தேய்த்துக்கொண்டே கேட்டார் மோட்சம்.

தெக்லா வாயைத் திறக்குமுன் கஸ்பார் முன்னால் வந்தார். "நாந்தான். பாதி நேரத்துல திருப்பி வைக்காதவன் குசினிக்காரனே கிடையாது. இருபத்திரண்டு வருஷமாத் திருப்புதேன். கண்ணு முன்னால ஒண்ணு கருகினா என் கை சும்மா இருக்காது."

"பாத்திரத்தைத் திருப்புதேன்னு ஊரையே திருப்பிட்டீயளே அண்ணே," என்றான் வியாகுலம், இரண்டு கையாலும் சொறிந்தபடி.

கஸ்பார் ஓவனுக்கு மூன்று கை தூரத்துக்குள் வரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. "நாளைக்குச் சாயங்காலம் நான் போயிருவேன், பிறகு இஷ்டம்போலக் கருக்குங்க," என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தார். தெக்லா பின்னாலேயே ஓடினாள். அவள் வந்து சேர்வதற்குள் மேடைமேல் கிடந்த கத்தி துணியில் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் போயிருந்தது.

"ஏங்க, போறதுதான் போறீய, ஒரு வாய் உக்காந்து சாப்பிட்டுட்டுப் போனா என்ன?" என்றாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழுகை வந்துவிட்டது.

அவர் பெட்டியின் கொக்கியை மூடித் திறந்து மூடினார். "உக்காந்தா எந்திரிக்க மனசு வராது தெக்லா. கப்பல்ல எல்லாரும் தின்ன பிறகு, மிச்சம் இருந்தா, நின்னுக்கிட்டுத் திங்கிற ஆளு நான். ஒருநாள் உக்காந்து பழகிட்டேன்னா மறுபடி எப்படி நிப்பேன்?"

அவளுக்கு இருபத்திரண்டு வருஷக் கோபமும் சட்டென்று எங்கோ போய்விட்டது. இந்த மனுஷனை உட்கார வைக்காமல் விடுவதில்லை என்பது மட்டும் மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கடைசியாக ஒரு தடவை சுட்டாள். இருந்ததிலேயே பெரிய பாத்திரத்தை எடுத்தாள், இறாலை இரண்டு மடங்கு போட்டாள், திருப்பி வைக்கவில்லை. மூன்று மணிக்கு வெளியே எடுத்துவைத்ததும் எண்ணெய் பூசிய முகங்கள் குனிந்தன. இந்தத் தடவை பார் இல்லை, கால்வாய் இல்லை, கடலே இல்லை. இதுவரைக்கும் தெரியாத கரை தெரிந்தது. கோயில் கோபுரம் தெரிந்தது, பஸ் நிற்கிற இடம் தெரிந்தது, டீக்கடைக்குப் பக்கத்துச் சந்து தெரிந்தது, சந்து முடிகிற இடத்தில் ஒரே ஒரு கருகல், வட்டமாக, கன்னங்கரேலென்று.

வியாகுலம் பாத்திரத்தைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், மறுபடி பாத்திரத்தைப் பார்த்தான். "மைனி, மீனு உங்க வீட்டு நடையில நிக்கி."

மணல்மாதாபுரத்துக்காரர்கள் பொருக்கைச் சந்தேகப்படுகிறவர்கள் இல்லை. தெற்கே திருப்பிவிட்டது மனுஷன் கை, பொருக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இவ்வளவு கறுப்பாக இருந்தால் இது லேசான மீன் இல்லை என்று பெரிசுகள் சொன்னார்கள். வியாகுலம் ஓடிப்போய் வீச்சுவலையை எடுத்துவந்தான். கூட்டம் சந்துக்கு விலகி வழி விட்டது. அவன் ஈயக்குண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, நடைக்கு எதிரே காலை அகட்டி நின்று, இடுப்பைச் சுழற்றி வீசினான். வலை பூப்போல விரிந்து இறங்கியது. சரியாக அந்த நேரத்தில்தான், சலவைச் சட்டையும் கையில் பெட்டியுமாகக் கஸ்பார் வீட்டை விட்டு வெளியே கால் வைத்தார்.

"ஏல! எவம்ல அது!"

"அசையாதீய அண்ணே, ஈயக்குண்டு காலைத் தட்டும்," என்றான் வியாகுலம், பழக்கத்தில் கயிற்றை இழுத்து வலையைச் சுருக்கியபடி.

"பெரிய உருப்படிதான்," என்றார் மோட்சம்.

கூட்டத்தில் சிரித்தவர் யாரும் இல்லை. கண்ட மீனைப் பிடித்தாயிற்று, அடுத்தது என்ன என்றுதான் எல்லோரும் தெக்லாவைப் பார்த்தார்கள். தெக்லாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "விட்டுராத வியாகுலம், கயிறைப் பிடிச்சுக்கோ!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடி, ஒரு கையில் நாற்காலியும் இன்னொரு கையில் தட்டுமாக வந்தாள். வலைக்குள் கால் சிக்கிய மனுஷன் நிற்க முடியாமல் தள்ளாடினார், நாற்காலி பின்னங்காலில் தட்டியது, பொத்தென்று உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கஸ்பார் தெக்லாவுக்கு முன்னால், அவள் வலைக்கடியில் நுழைத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் பாத்திரத்தைத் தூக்கிவந்து கரண்டியைப் பொருக்கில் இறக்கினாள். மடமடவென்று உடைந்தது. பதினேழு வள்ளக்காரர்களும் நெஞ்சில் கை வைத்தார்கள்.

"மைனி! வள்ளம் இன்னும் இறங்கலியே!"

"வள்ளம் எங்க போகணும்? மீனு இங்கதானே நின்னுச்சு? பிடிச்சாச்சுல்லா?"

அது நியாயம்தான் என்று மோட்சம் தலையை ஆட்டினார். தெக்லா வலையின் ஓரத்தைத் தூக்கித் தட்டு நிறைய வைத்தாள். கஸ்பார் கரண்டி இல்லாததால் வலைக்குள்ளேயே கையால் அள்ளி ஒரு வாய் வைத்தார். ஊரே சொறிவதை நிறுத்தியது. அவர் மோட்டைப் பார்க்கத் தலையைத் தூக்கினார், மேலே மோடு இல்லை, வலையும் வானமும்தான் இருந்தன.

"உப்பு..." என்று ஆரம்பித்தார்.

தெக்லா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவது வாய் வைத்தார், மூன்றாவது வாய் வைத்தார், பிறகு தலையே தூக்கவில்லை. அதைப் பார்த்ததும் வியாகுலத்துக்கு வாய் ஊறிவிட்டது, எனக்கும் ஒரு கரண்டி மைனி என்று கையை நீட்டினான், அவனைப் பார்த்து மோட்சம் நீட்டினார், டிராயிங் வாத்தியார் எண்ணெய்க் காகிதத்தையே தொன்னையாக மடக்கி நீட்டினார், பெரிசுகள் நாற்காலியோடு நகர்ந்து வந்தார்கள். டீக்கடை பெஞ்சுக்காரர்கள்கூட வந்து தங்களுடைய ரஸ்க்கைத் தின்று சமாதானமானார்கள். "இது திங்கிற சாமானா? பத்து நாளா ஒருத்தரும் சொல்லலியே!" என்று மோட்சம் விரலைச் சூப்பிக்கொண்டு கோபப்பட்டார்.

நேரம் போனதே தெரியவில்லை. கோயில் முக்கில் ஐந்து மணி பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். வியாகுலம் கயிற்றைத் தளர்த்தலாமா என்று தெக்லாவைப் பார்த்தான். அவள் கஸ்பாரையே பார்த்தாள்.

வலைக்குள்ளிருந்து காலித் தட்டு ஒன்று வெளியே வந்தது.

"இன்னும் கொஞ்சம் வை தெக்லா."

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். அடியில் ஒட்டிய காந்தலைக்கூட வியாகுலம் சுரண்டித் தின்றிருந்தான்.

"தீந்துட்டுங்க," என்றாள். "இனி நாளைக்குத்தான்."

பஸ் இரண்டாவது தடவை ஹார்ன் அடித்தது. கஸ்பார் பஸ் நின்ற பக்கம் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த பொருக்கை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு எத்தன மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு."

அவர் உட்கார்ந்தபடியே வலையின் ஓரத்தைத் தூக்கிக் கையை நீட்டிப் பெட்டியை இழுத்தார், கொக்கியைத் திறந்தார், துணிச் சுருளைப் பிரித்துக் கத்தியை எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நீ உரிச்சா பாதிச் சதை தோலோட போயிருது தெக்லா," என்றார். "றாலை நான் உரிக்கேன்."